பில்ட் பைப்லைனைப் பாதுகாக்க எதில் தொடங்குவது? நான்கு வழிகளும் என் வரிசையும்

எட்டுப் பேர் கொண்ட மென்பொருள் குழு ஒன்று. நிரல் கிட்ஹப் என்ற இணையத் தளத்தில் இருக்கிறது, அதை ஓடும் மென்பொருளாக்கும் பில்ட் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் ஓடுகிறது, முடிந்தது அமேசானின் மேகச் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸில் போய் இறங்குகிறது. இந்தத் தானியங்கிப் பாதைதான் பில்ட் பைப்லைன். பாதுகாப்புக்கென்று தனி ஆள் கிடையாது. குழுவில் ஒருவருடைய பாதி நேரத்தை மூன்று மாதத்துக்கு இதற்காக ஒதுக்க மேலாளர் ஒப்புக்கொண்டுவிட்டார். அந்த ஒருவர் எதில் கைவைக்க வேண்டும்?

பில்ட் பைப்லைன்களைப் பாதுகாப்பதுதான் என் அன்றாட வேலை. அதனால் இந்தக் கேள்வி அடிக்கடி என்னிடம் வந்து சேர்கிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் விடையையும் கையோடு கொண்டுவருகிறார்கள்: "கையொப்பமிடத் தொடங்கிவிடலாமா?" மென்பொருளை வெளியிட்டவர் யார் என்று காட்டும் மின்னணுக் கையொப்பத்தைச் சொல்கிறார்கள். பெரிய வாடிக்கையாளர் ஒருவர் அனுப்பிய கேள்விப்பட்டியலில் அந்த வரி இருந்திருக்கும். செய்து முடித்தால் காட்டுவதற்கும் நன்றாக இருக்கும். ஆனால் இப்படிப்பட்ட குழுவுக்குக் கையொப்பம் கடைசியாக வர வேண்டியது என்பதே என் முடிவு. அதற்கு முன்னால் செய்ய வேண்டியவற்றைச் செய்யாமல் கையொப்பமிட்டால், திருடப்படக்கூடிய பொருள்களில் இன்னும் ஒன்றைச் சேர்த்ததாகவே ஆகும்.

ஒப்பிட வேண்டிய வழிகள் நான்கு. பிறர் எழுதிய துணைநிரல்களின் பதிப்பை அசையாதபடி பூட்டுவது. பைப்லைனில் கிடக்கும் நீண்ட ஆயுள் கொண்ட ரகசியச் சாவிகளை அகற்றுவது. பில்ட் ஓடும் இயந்திரத்தை ஒவ்வொரு முறையும் புதிதாக்குவது. உருவான மென்பொருளுக்குக் கையொப்பமும் பிறப்புச் சான்றும் தருவது. கையேடுகளை மட்டும் படித்து ஒப்பிட்டால் நான்குமே இன்றியமையாதவையாகத் தெரியும். நான் வேறோர் அளவுகோலை வைத்திருக்கிறேன். உண்மையில் நடந்த தாக்குதல் ஒவ்வொன்றையும் எடுத்து, இந்த வழி அன்று நடைமுறையில் இருந்திருந்தால் தாக்கியவர் கையில் என்ன மிஞ்சியிருக்கும் என்று கேட்டுப் பார்ப்பேன்.

பதிப்பைப் பூட்டுவதிலிருந்து தொடங்குகிறேன். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் பிறர் எழுதிய துணைநிரலை ஒரே வரியில் இழுத்துக்கொள்ளலாம். அந்த வரியில் பெரும்பாலோர் எழுதுவது 'வி4' போன்ற ஒரு டேக். டேக் என்பது பெயர்ச்சீட்டு மட்டுமே. நிரல் இருக்கும் களஞ்சியத்தில் எழுதும் உரிமை உள்ளவர் அதைக் கழற்றி வேறொரு கமிட்டின், அதாவது பதிவான வேறொரு மாற்றத்தின், மேல் ஒட்டிவிடலாம். 2025 மார்ச் 14 அன்று அப்படித்தான் நடந்தது. 23,000-க்கும் மேற்பட்ட களஞ்சியங்கள் பயன்படுத்திவந்த 'டிஜே-ஆக்‌ஷன்ஸ் சேஞ்ட்-ஃபைல்ஸ்' என்ற துணைநிரலின் டேக்குகள் தீய கமிட் ஒன்றின் பக்கம் திருப்பப்பட்டன. அந்த நிரல், ரன்னரின் (பில்ட் ஓடும் இயந்திரத்தின்) நினைவகத்தைத் துழாவி, அகப்பட்ட ரகசியங்களை பில்ட் பதிவிலேயே அச்சிட்டது. பொதுக் களஞ்சியமாக இருந்தால் அந்தப் பதிவை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். டேக்குக்குப் பதிலாக கமிட்டின் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிடப்படும் 40 எழுத்து ஹாஷை முன்பே எழுதிவைத்திருந்தவர்களை இது தொடவில்லை.

செலவும் குறைவுதான். இருபது முப்பது பைப்லைன் கோப்புகள் உள்ள குழுவுக்கு ஒரு நாள் வேலை. மாற்றித் தரும் கருவிகளும் உண்டு. துணைநிரல்களின் பதிப்பைக் கவனிக்கும் கிட்ஹப்பின் கருவியான டிபெண்டபாட், ஹாஷைப் புரிந்துகொண்டு புதிய பதிப்பு வரும்போது தானே சொல்லும். ஹாஷ் இல்லாத துணைநிரல் ஓடவே கூடாது என்று நிறுவன அளவில் விதிக்கும் வசதியை கிட்ஹப் 2025 ஆகஸ்டில் கொண்டுவந்தது. இவ்வளவு மலிவாகக் கிடைப்பதைத் தள்ளிப்போட எனக்குக் காரணம் தெரியவில்லை.

ஆனால் இந்தப் பூட்டுக்கு இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. டிபெண்டபாட் கொண்டுவரும் மாற்றத்தை யாரும் பார்க்காமல் தானாகவே இணைந்துகொள்ளும்படி விட்டிருந்தால், தீய பதிப்பின் ஹாஷும் அதே வழியில் உள்ளே வரும். புதிய பதிப்பு வெளியாகிச் சில நாள் கழியும் வரை காத்திருக்கும்படி அமைப்பது இதற்கு நல்ல மருந்து. இத்தகைய தாக்குதல்கள் பலவும் ஓரிரு நாளில் கண்டுபிடிக்கப்பட்டுவிடுகின்றன. இரண்டாவது ஓட்டை ஆழமானது. நீங்கள் பூட்டிய துணைநிரல் தனக்குள் இன்னொன்றை டேக் மூலம் அழைக்கலாம். மார்ச் தாக்குதலின் வேரும் அங்கேதான் இருந்தது. மூன்று நாள் முன்னதாக 'ரிவ்யூடாக்' என்ற திட்டத்தின் துணைநிரல் ஒன்று கெடுக்கப்பட்டது. டிஜே-ஆக்‌ஷன்ஸின் இன்னொரு துணைநிரல் அதைச் சார்ந்திருந்தது. அந்த வழியாகத்தான் எழுதும் உரிமை கொண்ட டோக்கன் (கடவுச்சொல் போன்ற சாவி) வெளியே போனது என்பது விசாரணையில் தெரியவந்தது. உங்கள் கோப்பில் ஹாஷ் இருந்தாலும் அதன் அடியில் இருக்கும் கோப்பில் இருந்தாக வேண்டும் என்பதில்லை.

அந்தச் சங்கிலியில் கைமாறிக்கொண்டே போன பொருளைக் கவனியுங்கள். ஒரு டோக்கன், அதைக் கொண்டு அடுத்த களஞ்சியம், அங்கிருந்து இன்னும் ஆயிரக்கணக்கான டோக்கன்கள். தாக்குபவர் உள்ளே வருவதே சாவிக்காகத்தான். இரண்டாவது வழியின்மேல் எனக்கு இவ்வளவு பற்று இருப்பது இதனால்தான்.

முன்பு நான் பணியாற்றிய ஒரு நிறுவனத்தின் பைப்லைனில் மேகக் கணக்கின் சாவி ஒன்று கிடந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் உருவாக்கப்பட்டது. உருவாக்கியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். கணக்கு முழுவதையும் ஆளும் உரிமை அதற்கு இருந்தது. அழித்தால் எது உடையும் என்று யாருக்கும் தெரியாததால் யாரும் அதைத் தொடவில்லை. வீட்டுச் சாவியை நிலைப்படிக்கு மேல் வைத்துவிட்டுப் போகும் பழக்கம் போன்றது இது. வீட்டார் எல்லோருக்கும் இடம் தெரியும், வந்துபோன வேலையாட்களுக்கும் தெரியும், கடைசியாக எடுத்தவர் யார் என்று மட்டும் தெரியாது. இப்படி ஒரு சாவி இல்லாத நிறுவனத்தை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

கோட்கவ் நிகழ்வு இந்தப் பழக்கத்தின் விலையைக் காட்டியது. சோதனைகள் நிரலின் எவ்வளவு பகுதியைத் தொடுகின்றன என்று அளக்கும் சேவை அது. பைப்லைனில் ஓடும் அதன் பாஷ் ஸ்கிரிப்டில், 2021 ஜனவரி 31 முதல் ஏப்ரல் 1 வரை, தாக்கியவர்கள் சேர்த்த ஒரு வரி இருந்தது. பில்ட் சூழலின் மாறிகள் முழுவதையும் அது வெளிச் சர்வர் ஒன்றுக்கு அனுப்பியது. இறக்கிய கோப்பின் ஹாஷும் வெளியிடப்பட்ட ஹாஷும் ஒத்துப்போகவில்லையே என்று வாடிக்கையாளர் ஒருவர் கவனித்ததால்தான் விஷயம் வெளியே வந்தது. இரண்டு மாதங்கள் எத்தனையோ நிறுவனங்கள் அந்த ஸ்கிரிப்டை நம்பிக்கையோடு ஓட்டிக்கொண்டிருந்தன. அவர்களில் ஒன்றான ஹாஷிகார்ப், தன் வெளியீடுகளுக்குக் கையொப்பமிடப் பயன்படுத்திய ஜிபிஜி சாவியே அம்பலமாகிவிட்டது என்று அறிவித்துப் புதிய சாவிக்கு மாற வேண்டியதாயிற்று. கையொப்பத்தை முதலில் செய்துவிடலாம் என்பவர்களிடம் நான் எப்போதும் எடுத்துச் சொல்வது இந்த நிகழ்வைத்தான்.

2023 ஜனவரி 4 அன்று, பில்ட் ஓட்டித் தரும் சேவையான சர்க்கிள்சிஐ தன் வாடிக்கையாளர்கள் எல்லோரிடமும், தன்னிடம் சேமித்துவைத்த எல்லா ரகசியங்களையும் மாற்றிவிடுமாறு கேட்டுக்கொண்டது. முந்தைய மாதம் அதன் பொறியாளர் ஒருவரின் மடிக்கணினியில் தீநிரல் புகுந்து, இரட்டைச் சரிபார்ப்பு முடிந்த உள்நுழைவு அமர்வையே திருடியிருந்தது. இங்கே வாடிக்கையாளர் எந்தத் தவறும் செய்யவில்லை. பதிப்பைப் பூட்டியிருந்தாலும், இயந்திரத்தைப் புதிதாக்கியிருந்தாலும், கையொப்பமிட்டிருந்தாலும் அவருக்கு அதே வேலைதான்: எந்தச் சாவி எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தேடி மாற்றுவது. சேமிக்கச் சாவியே இல்லாத குழுவுக்கு மட்டும் மாற்றுவதற்கு எதுவும் இருந்திருக்காது.

சாவி இல்லாமல் எப்படி ஏடபிள்யூஎஸ்ஸில் நிறுவுவது? ஓஐடிசி என்ற அடையாள நெறிமுறை இதற்குத்தான். ஒவ்வொரு பில்ட் வேலைக்கும் கிட்ஹப் அப்போதைக்கு ஓர் அடையாளச் சீட்டை வழங்குகிறது. எந்தக் களஞ்சியம், எந்தக் கிளை, எந்தச் சூழல் என்பதெல்லாம் அதில் எழுதி, கிட்ஹப் கையொப்பமிட்டிருக்கும். ஏடபிள்யூஎஸ் அதைச் சரிபார்த்துத் தற்காலிக அனுமதி ஒன்றைத் தரும். இயல்பாக அதன் ஆயுள் ஒரு மணி நேரம். பைப்லைனில் திருடிச் சேமித்துவைத்துக்கொள்ள எதுவும் இல்லை. அஷ்யூர், கூகுள் கிளவுட் இரண்டும் இதே முறையை ஏற்கின்றன. பைதான் தொகுப்புகளுக்கான பைபிஐ 2023 ஏப்ரலிலும், ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளுக்கான என்பிஎம் 2025 ஜூலையிலும் வெளியீட்டுக்கு இந்த வழியைத் திறந்துவிட்டன.

இதிலும் வழுக்கும் இடங்கள் உண்டு. நான் அதிகம் திருத்தியவை இரண்டு. ஏடபிள்யூஎஸ் பக்கம் எழுதும் நம்பிக்கை நிபந்தனையில், களஞ்சியத்தின் பெயரையும் கிளையையும் முழுமையாக எழுதாமல் ஒரு நட்சத்திரக் குறியைப் போட்டுவிடுகிறார்கள். அவசரத்தில் போட்ட அந்தக் குறியால், நிறுவனத்தின் ஏதோ ஒரு மூலையில் கிடக்கும் சோதனைக் களஞ்சியம்கூட வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் உற்பத்திச் சூழலுக்குள் நுழைய முடியும். மற்றது, அடையாளச் சீட்டைக் கோரும் அனுமதியை எல்லா வேலைகளுக்கும் பொதுவாகக் கொடுத்துவிடுவது. கோட்கவ் போன்ற ஒரு ஸ்கிரிப்ட் அந்த வேலைக்குள் ஓடினால், அது தனக்கென்று ஒரு சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். சோதனைகள் ஒரு வேலையாகவும் நிறுவுதல் தனி வேலையாகவும் இருக்க வேண்டும். அனுமதி இரண்டாவதற்கு மட்டும் போதும். நிறுவும் வேலைக்குள் வெளியார் நிரல் எதுவும் ஓடக் கூடாது.

செலவைச் சொல்ல வேண்டும். அனுபவத்தில் எட்டுப் பேர் குழுவுக்கு மூன்று முதல் ஐந்து வாரம், அதுவும் பாதி நேரத்தில். ஓஐடிசி அமைப்பது இரண்டு நாளில் முடிந்துவிடும். மீதி நேரமெல்லாம் பழைய சாவி உண்மையில் என்னென்ன செய்துகொண்டிருந்தது என்று கண்டுபிடிப்பதிலேயே போகும். அலுப்பான வேலைதான். ஆனால் அதைச் செய்து முடித்தவருக்குத் தன் அமைப்பைப் பற்றி முன்பு தெரியாதது எவ்வளவோ தெரிந்துவிடுகிறது. ஓஐடிசியை ஏற்காத வெளிச் சேவைகள் சில மிஞ்சும். அவற்றின் டோக்கன்களைக் குறிப்பிட்ட சூழலுக்குள் அடைத்து, ஒருவர் ஒப்புதல் தந்த பிறகே பில்ட் அவற்றை எடுக்கும்படி வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மூன்றாவது வழி, இயந்திரம். வலையமைப்புக் கண்காணிப்பு மென்பொருள் செய்யும் சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தில் நடந்து, 2020 டிசம்பரில் வெளிவந்த ஊடுருவல் இதற்கான பாடம். தாக்கியவர்கள் களஞ்சியத்தில் இருந்த நிரலைத் தொடவில்லை. பில்ட் இயந்திரத்தில் 'சன்ஸ்பாட்' என்று பின்னாளில் பெயரிடப்பட்ட தீநிரல் ஒன்றை உட்கார வைத்தார்கள். மைக்ரோசாஃப்டின் பில்ட் கருவியான எம்எஸ்பில்ட் ஓடத் தொடங்குகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருந்தது. அந்நிறுவனத்தின் ஓரியன் மென்பொருள் தொகுக்கப்படும் நேரத்தில் மூலக் கோப்பு ஒன்றை மாற்றிவைத்தது. தொகுத்து முடிந்ததும் பழைய கோப்பைத் திரும்ப வைத்தது. நிரலை எத்தனை பேர் மதிப்பாய்வு செய்திருந்தாலும் கண்ணில் பட்டிருக்காது. கெட்ட புதுப்பிப்பு ஏறத்தாழ 18,000 வாடிக்கையாளர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. மாதக்கணக்கில் ஒரே இயந்திரம் பில்ட் செய்துகொண்டிருந்தால், இப்படி ஒன்று குடியேறுவதற்கு இடம் இருக்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் பிறந்து, வேலை முடிந்ததும் அழியும் இயந்திரத்தில் அந்த இடம் மிகச் சுருங்கிவிடும்.

கிட்ஹப் தரும் ரன்னர்கள் ஒவ்வொரு வேலைக்கும் புதிய மெய்நிகர் இயந்திரமாகவே வருகின்றன. ஆகவே நான் சொன்ன குழு அதையே பயன்படுத்தினால் மூன்றாவது வழியின் பெரும்பகுதி ஏற்கெனவே முடிந்துவிட்டது. அதற்குப் பணமும் நேரமும் ஒதுக்க வேண்டாம். சொந்த இயந்திரங்களை வைத்திருப்பவர்களின் கதை வேறு. ஜிபியூ தேவை, உள்வலையை எட்ட வேண்டிய தேவை, கட்டணம் என்று அவர்களுக்கும் நியாயமான காரணங்கள் உண்டு. ஆனால் பொதுக் களஞ்சியத்தோடு சொந்த ரன்னரை இணைப்பது ஆபத்தானது. 2023-இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் இருவர் பைடார்ச் என்ற இயந்திரக் கற்றல் திட்டத்தில் இதை மெய்ப்பித்தார்கள். ஒரு சிறு எழுத்துப்பிழைத் திருத்தத்தை அனுப்பி ஏற்கவைத்து, 'ஏற்கெனவே பங்களித்தவர்' என்ற தகுதியைப் பெற்றார்கள். முதன்முறை பங்களிப்பவருக்கு மட்டுமே ஒப்புதல் தேவை என்பது அன்றைய இயல்பமைப்பு. அடுத்து அனுப்பிய மாற்றம் யாரையும் கேட்காமல் திட்டத்தின் சொந்த ரன்னரில் ஓடியது. வேலை முடிந்தும் அழியாத ரன்னர் அது. உங்கள் நிலை இதுவென்றால், இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் வரிசையை விட்டுவிட்டு இன்றே இதைச் சரிசெய்யுங்கள்.

இனி கையொப்பம். அதன்மேல் எனக்கு மதிப்பு உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிக்ஸ்டோர் திட்டம் இதை அழகாகத் தீர்த்திருக்கிறது. நீண்ட நாள் காக்க வேண்டிய சாவியே இல்லாமல், பத்து நிமிடமே செல்லும் சான்றிதழைக் கொண்டு கையொப்பமிட்டு, அந்தச் செயலை எல்லோரும் பார்க்கக்கூடிய பதிவேட்டில் எழுதிவைக்கிறது. எந்தக் களஞ்சியத்தின் எந்தக் கமிட்டிலிருந்து, எந்த பைப்லைனில் இந்தக் கோப்பு பிறந்தது என்று சொல்லும் பிறப்புச் சான்றையும் சேர்க்கலாம். அந்தச் சான்றின் தரத்தைப் படிநிலைகளாக வகுக்கும் சல்சா என்ற வரையறையை கூகுள் 2021-இல் முன்வைத்தது, அதன் 1.0 பதிப்பு 2023 ஏப்ரலில் வந்தது.

இருந்தும் ஏன் கடைசி? சோலார்விண்ட்ஸின் கெட்ட புதுப்பிப்பில் அந்நிறுவனத்தின் உண்மையான கையொப்பம் இருந்தது. கலப்பட எண்ணெயை டின்னில் அடைத்து முத்திரை வைத்தாலும் முத்திரை செல்லும். உள்ளே என்ன போயிற்று என்பதைக் கையொப்பம் அறியாது; யார் அடைத்தார்கள் என்பதையே அது சொல்லும். அடைக்கும் இடத்தைச் சுத்தம் செய்யாமல் முத்திரையை வாங்கினால், வாங்குபவரின் நம்பிக்கைதான் கூடுமே தவிர எண்ணெய் மாறாது.

இன்னொரு காரணம் வேலைச் சுமை. கையொப்பமிடுவது ஒரு நாள் வேலை. கிட்ஹப்பிலேயே அதற்கு வசதி இருக்கிறது. சரிபார்ப்பதுதான் மாதக்கணக்கில் இழுக்கும். கையொப்பமில்லாத கண்டெய்னர் படம் (ஓடத் தயாராகப் பொதிந்த மென்பொருள்) எதையும், அவற்றை ஓட்டும் குபர்னட்டீஸ் அமைப்பு ஏற்கக் கூடாது என்று ஒரு விதி எழுதிப் பாருங்கள். அன்று மாலைக்குள் பத்து விதிவிலக்குக் கோரிக்கைகள் வரும். கண்காணிப்புக் கருவியின் படம், யாரோ எப்போதோ கைப்பட உருவாக்கிய படம், நடு இரவில் அவசரத்துக்குப் போட்ட திருத்தம். ஒவ்வொன்றையும் பேசித் தீர்க்க வேண்டும். சரிபார்ப்புப் பக்கத்தைத் தொடாமல் கையொப்பமிடுவதோடு நின்றுவிட்ட குழுக்களே நான் பார்த்தவற்றில் அதிகம். யாரும் பார்க்காத கையொப்பம் யாரையும் தடுப்பதில்லை.

மூன்றாவது காரணம் எனக்கு மிகவும் பிடித்தது. சாவியில்லாக் கையொப்பம், பைப்லைனின் அடையாளத்தை உறுதிசெய்வதற்கு அதே ஓஐடிசி சீட்டைத்தான் பயன்படுத்துகிறது. வேலைகளைப் பிரித்து, அனுமதிகளைச் சுருக்கி, நிறுவும் வேலைக்கு மட்டும் அடையாளம் கொடுத்து முடித்த குழுவுக்குக் கையொப்பத்தின் அடித்தளம் தானாகவே அமைந்துவிடுகிறது. வரிசையை மாற்றினால் அதே வேலையை இரண்டு முறை செய்ய நேரும்.

இந்த நான்குமே தடுத்திருக்க முடியாத ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் யூட்டில்ஸ் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளில் பொறியாளர் ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் கண்டுபிடித்த பின்வாசலை, பல ஆண்டுகள் உழைத்து நம்பிக்கை பெற்ற பராமரிப்பாளர் ஒருவரே வைத்திருந்தார். எஸ்எஸ்ஹெச் என்ற தொலைவழி உள்நுழைவு அரை நொடி தாமதமாவது ஏன் என்று ஒரு மனிதர் விடாமல் துருவியதால் அது பிடிபட்டது. அத்தகைய எதிரியை மனத்தில் வைத்து எட்டுப் பேர் குழு தன் மூன்று மாதத்தைத் திட்டமிடக் கூடாது என்பது என் கருத்து.

ஆகவே என் வரிசை: முதல் வாரத்தில் எல்லாத் துணைநிரல்களையும் ஹாஷால் பூட்டி, பைப்லைனின் இயல்பான அனுமதியை வாசிக்க மட்டும் என்று சுருக்கிவிடுங்கள். அது மலிவு என்பதாலேயே முன்னால் நிற்கிறது. அடுத்த ஆறேழு வாரத்தை, காத்திருந்து கவனிக்கும் நாள்களையும் சேர்த்து, சாவிகளை அகற்றுவதற்கே கொடுங்கள். மூன்று மாதத்தில் உண்மையான பயன் இதில்தான் கிடைக்கும். சொந்த ரன்னர் இருந்தால் அதன் பிறகு இயந்திரம். மிஞ்சும் நாள்களில் கையொப்பம். அதுவும் மிக முக்கியமான ஒரு சேவைக்கு மட்டும், சரிபார்ப்போடு சேர்த்து. நீங்கள் பிறர் பயன்படுத்தும் நூலகத்தை வெளியிடுபவர் என்றால் கையொப்பத்தையும் பிறப்புச் சான்றையும் இரண்டாம் இடத்துக்குக் கொண்டுவருவேன். உங்கள் வெளியீட்டைச் சரிபார்க்க உங்களுக்குத் தெரியாத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். தவறு நடந்தால் எங்கே நடந்தது என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு அந்தச் சான்று வேண்டும்.

அல்ட்ராலிட்டிக்ஸ் என்ற பைதான் நூலகத்துக்கு 2024 டிசம்பரில் அது உதவியது. புல் ரிக்வெஸ்ட் எனப்படும் மாற்றக் கோரிக்கையின் கிளைப் பெயருக்குள் கட்டளையை ஒளித்து அனுப்பி, ஒரு பில்ட் அடுத்ததற்காக விட்டுவைக்கும் சேமிப்பகத்தை (கேஷ்) நஞ்சாக்கி, கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரல் கொண்ட பதிப்புகளைத் தாக்கியவர்கள் வெளியிடவைத்தார்கள். புதிய இயந்திரம், ஓஐடிசி வழி வெளியீடு இரண்டும் அங்கே இருந்தன. ஆனாலும் நஞ்சான பழைய சேமிப்பகம் புதிய இயந்திரத்துக்குள் வந்தது. தொகுப்போடு இருந்த பிறப்புச் சான்றைக் கொண்டு, கேடு பில்ட் நடக்கும்போதே நுழைந்தது என்று விசாரித்தவர்களால் விரைவில் சொல்ல முடிந்தது. ஆனால் சில நாளில் இன்னும் இரண்டு கெட்ட பதிப்புகள் வந்தன. அவற்றுக்குப் பிறப்புச் சான்று இல்லை. ஓஐடிசிக்கு மாறுவதற்கு முன்பு பயன்படுத்தி, பிறகு ரத்துசெய்யாமல் விட்ட பழைய டோக்கன் ஒன்று பைப்லைனில் இன்னும் கிடந்தது. அதைக் கொண்டுதான் அவை ஏற்றப்பட்டன.

எனவே, சாவிகளை அகற்றும் அந்த ஆறேழு வாரத்தில் ஒரு பழக்கத்தைக் கடைப்பிடியுங்கள். ஒரு சேவை ஓஐடிசிக்கு மாறிய அன்றே அதன் பழைய சாவியை அழிக்காமல் முடக்கிவையுங்கள். கடைசியாக எப்போது பயன்பட்டது என்பதை ஏடபிள்யூஎஸ் ஒவ்வொரு சாவிக்கும் காட்டும். இரண்டு வாரம் அந்தத் தேதியையும் தோல்வியடையும் வேலைகளையும் கவனியுங்கள். மாதம் ஒருமுறை ஓடும் அறிக்கை வேலை ஏதாவது இருந்தால் மாத முடிவு வரை பொறுங்கள். எதுவும் உடையவில்லையென்றால் அழித்துவிட்டு, பைப்லைன் அமைப்பில் இருக்கும் அதன் நகலையும் அன்றே நீக்குங்கள்.